பொறுக்குப் பாட்டு

பொட்டலம் கட்டி வந்த தாளைப் பிரித்து, உள்ளிருந்த பொருளை எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தாளையும் ஒருமுறை படித்துவிட்டுப் போடுகின்ற வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. வறுத்த மல்லாட்டை சுற்றிய கூம்புத் தாளில் ஏதோ ஒரு கொலை வழக்கின் நடுப்பகுதி இருக்கும். கொன்றவன் யார் என்பது கிழிந்துபோன பகுதியோடு போயிருக்கும். வடை சுற்றிய தாளில் எண்ணெய் படிந்த இடத்தில் மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறி ஊடுருவித் தெரியும். இரு பக்கங்களும் ஒன்றோடொன்று கலந்து, எவரும் எழுதாத மூன்றாவது வாசகம் ஒன்று அங்கே தோன்றியிருக்கும். அதற்குக் கவிதை என்று யாரும் பெயர் சூட்டவில்லை. ஆயினும் கை கழுவப் போகுமுன் அதை இரண்டாம் முறை படித்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

அச்சு மை உடலுக்குத் தீங்கு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டில் எச்சரித்தது. செய்தித்தாளில் தின்பண்டம் கட்டுவது தவறென்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2019 சனவரியில் தமிழ்நாட்டில் ஞெகிழிப் பைகள் தடை செய்யப்பட்ட பின்னர், மளிகைக் கடைகளில் காகிதப் பொட்டலங்கள் மீண்டும் தலைகாட்டின. கடுகும் சீரகமும் பழைய பாடப்புத்தகத்தின் பக்கங்களில் வீடு வந்து சேர்ந்தன. எங்கள் வகுப்பின் கவிதைகளுக்கு முதல் மூலதனம் அந்தப் பொட்டலத் தாள்களே.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையிலும், அதற்குத் துணையாக 1879ஆம் ஆண்டு முதல் ஓடுகின்ற இருப்புப் பாதையிலும் அமைந்திருக்கும் ஊர் வளவனூர். வளவன் என்பது சோழ மன்னர்க்குரிய பெயர் என்பதை நேயர்கள் அறிவார்கள். தமிழ்ச் சிறுகதை உலகிலும் கன்னடத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்த நூல்களிலும் பெயர் பெற்ற எழுத்தாளர் பாவண்ணன் பிறந்த ஊர் இது. இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை என்பது ஆசிரியருக்கும் மாணவர்க்கும் ஒருசேர உறக்கம் வருகின்ற நேரம். அந்த நேரத்தில்தான் நாங்கள் தாள்களைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தோம்.

செய்முறை எளிது. அச்சடித்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள சொற்களுள் வேண்டியவற்றை வட்டமிட்டு, வேண்டாதவற்றை விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு பாட்டு நிற்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. மேனாட்டார் இதைப் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். உருமேனியாவில் பிறந்த திரிஸ்தான் சாரா என்பவர், செய்தித்தாளைச் சொல் சொல்லாகக் கத்தரித்துப் பையிலிட்டுக் குலுக்கி, வருகின்ற வரிசையில் எழுதிக்கொண்டால் அதுவே கவிதை என்று 1920ஆம் ஆண்டில் அறிவித்தார். இலண்டன் ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966ஆம் ஆண்டில், யாரும் சீண்டாத ஒரு விக்டோரியா காலத்து நாவலை மூன்று பென்சுக்கு வாங்கி, அதன் பக்கங்கள்மீது வண்ணந்தீட்டி, இடையிடையே சில சொற்களை மட்டும் வெளித்தெரிய விட்டார். அந்த ஒரே நூலோடு அவர் ஐம்பது ஆண்டுகள் போராடி, 2016ஆம் ஆண்டில்தான் இறுதிப் பதிப்பை வெளியிட்டார். சாராவின் குலுக்கல் முறை எனக்கு உவப்பானதன்று. பையில் கைவிட்டு எடுப்பது பரிசுச் சீட்டுக்குப் பொருந்தும். பாட்டுக்கு ஒரு கண் வேண்டும். பிலிப்ஸின் பொறுமையை மாணவர்களுக்குச் சொன்னபோது, “ஐம்பது வருசமா ஒரே புஸ்தகமா, ஐயா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இரங்கியது.

நம்மிடமும் இதற்கு முன்னோடி உண்டு. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் மிறைக்கவிகளுள் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் வேறொரு பாட்டை ஒளித்து வைப்பது அவற்றின் வேலை. மேலே படித்தால் ஒரு செய்யுள். குறித்த முறையில் எழுத்துகளைத் தேர்ந்து படித்தால் உள்ளே இன்னொரு செய்யுள். புலவன் தானே ஒளித்துத் தானே எடுத்தான். நாங்களோ எவரும் ஒளித்து வைக்காததைத் தேடினோம். மின்வாரிய அறிவிப்பை எழுதிய எழுத்தர் தம் வாசகத்துக்குள் ஒரு பாட்டு உறங்குவதைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இதற்குப் பெயர் சூட்டியவர்கள் பிள்ளைகளே. நான் ‘கண்டெடுத்த கவிதை’ என்று கரும்பலகையில் எழுதினேன்; அவர்கள் அதை ஏற்கவில்லை. எங்கள் பகுதியில் மல்லாட்டை பிடுங்கி முடிந்த நிலத்தில், செடியோடு வராமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட காய்களைக் கொத்திப் பொறுக்குவார்கள். (மணிலாக்கொட்டை என்பதே மல்லாட்டை ஆயிற்று, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு வெளியே இச்சொல்லைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.) நிலத்துக்காரர் தம் மகசூலை ஏற்றிக்கொண்டு போன பிறகு பொறுக்குகிறவர்களை அவர் விரட்டுவதில்லை. சிறுவர்களும் வயதான பெண்களும் முந்தானையிலும் பையிலும் சேர்த்துக்கொண்டு போவார்கள். “இதுவும் அதே மாதிரிதான் ஐயா, பொறுக்குப் பாட்டு” என்றான் ஒருவன். அவன் பாட்டி பொறுக்கப் போகிறவர். அன்று முதல் அதுவே பெயராயிற்று.

இனி, இந்த விளையாட்டில் தமிழுக்கென்றே உள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை ஒரு வாக்கியத்திலிருந்து பிடுங்கினால் அது பெரும்பாலும் முழுமையாகக் கையில் வரும். தமிழ்ச் சொல் அவ்வாறு வருவதில்லை. வேற்றுமை உருபைச் சுமந்துகொண்டு, திணையும் பாலும் காட்டிக்கொண்டு, அடுத்த சொல்லோடு புணர்ந்துகொண்டு வரும். ‘வீடு’ வேண்டுமென்று தேடுகிறவனுக்கு ‘வீட்டிற்குத்’ கிடைக்கும். அந்த இறுதித் ‘த்’, தன்னை அடுத்து நின்ற சொல்லை இழந்துவிட்டு அந்தரத்தில் தொங்கும். அதை அடித்துவிடலாமா என்று கேட்டார்கள். அடிக்கலாம் என்றேன். சிலர் அடிக்காமலே விட்டார்கள். “அடுத்த வார்த்தை வரும்னு அது காத்துக்கிட்டு இருக்கட்டும் ஐயா” என்றாள் ஒரு பெண். வல்லினம் மிகும் இடங்களை ஓராண்டு முழுவதும் நான் விளக்கிப் பெறாத பயனை அந்தத் தொங்கும் மெய்யெழுத்து பெற்றுத் தந்தது. சொல் எங்கே முடிகிறது, உருபு எங்கே தொடங்குகிறது என்பதைக் கத்தரிக்கோல் பிடித்தவன் அறிந்தே ஆக வேண்டும்; தவறினால் தாள் வீணாகும்.

இன்னொன்று, நம் எழுத்து உயிரும் மெய்யும் கூடிய எழுத்து. ‘கடலூர்’ என்ற பெயரிலிருந்து ‘கடல்’ என்னும் சொல்லை எடுக்க இயலாது. ஏனெனில் அங்கே ‘ல்’ இல்லை, ‘லூ’தான் இருக்கிறது. இதைக் கண்டு சலித்துக்கொண்ட பிள்ளைகள், எதை எடுக்க முடியும் என்று தேடத் தொடங்கினார்கள். அதன் பிறகு வகுப்பில் உறக்கம் இல்லை. ‘வளவனூர்’ என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டால் ‘வளர்’ என்று வந்தது. ‘பத்திரிகை’க்குள் திரியும் இருந்தது, கையும் இருந்தது, பகையும் இருந்தது. ‘கல்யாணம்’ ஒரு ‘கண’மாயிற்று. ‘செய்தித்தாள்’ என்பதற்குள் ‘செய்தாள்’ என்று ஒருத்தி ஒளிந்திருந்தாள். ‘சின்னபாபுசமுத்திரம்’ என்பது எங்கள் ஊருக்கு அடுத்த ரயில் நிலையம்; அதற்குள் ‘சின்ன பாரம்’ ஒன்று கிடந்தது. ‘தலைமையாசிரியர்’ என்ற சொல்லை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அதில் ‘சிரி’ என்ற இரண்டெழுத்தை வட்டமிட்டு என்னிடம் நீட்டியவன், நான் என்ன சொல்வேனோ என்று அஞ்சி நின்றான். நான் சிரித்தேன். காலமானவர்களுக்காக வெளியிடும் விளம்பரங்களின் தலைப்பில் உள்ள ‘நினைவஞ்சலி’யில் நடுவிலிருந்த இரண்டு எழுத்துகளை ஒரு மாணவி கறுத்தழித்தாள். ‘நினை’ என்றும் ‘வலி’ என்றும் இரண்டு சொற்கள் எஞ்சின. அதற்குக் கீழே அவள் வேறெதையும் வட்டமிடவில்லை.

எந்தத் தாளை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்ற வினா முதல் நாளிலேயே எழுந்தது. அச்சடித்த தாளுக்கு நம் வீடுகளில் உள்ள மரியாதையை நேயர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருமறையின் பழைய ஏடுகளை மிதிபடாத இடத்தில் புதைப்பதும், ஓடும் நீரில் சேர்ப்பதும் நாம் பார்த்து வளர்ந்தவை. இறைவன் திருநாமம் பொறித்த துண்டுத் தாளைத் தெருவில் கண்டால் குனிந்தெடுத்துச் சுவரிடுக்கில் செருகுகிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவ்வாறே புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் என் வகுப்பில் பாதிக்கு மேல். இவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தபோது எவரும் வெட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனவே சில விதிகளை வகுத்தோம். எந்தச் சமயத்தின் இறைப்பெயர் உள்ள தாளும் வெட்டுக்கு வராது. நூலகப் புத்தகம் வராது. எவரேனும் படித்துக்கொண்டிருக்கும் பாடநூல் வராது. பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டவை, அங்கிருந்து அரைவைக்குப் போக இருப்பவை மட்டுமே வரும். 

இந்த விதிகளுக்குச் சோதனையாகத் திருமண அழைப்பிதழ்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் தலைப்பில் சிலவற்றில் 786, சிலவற்றில் பிள்ளையார் சுழி, சிலவற்றில் சிலுவை. தலைப்பகுதியைத் தனியே வெட்டியெடுத்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அந்தக் கீற்றுகளெல்லாம் ஓர் உறையில் இன்றும் என் மேசை அறையில் இருக்கின்றன. அவற்றை என் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, போடவும் மனமில்லை. தலை நீங்கிய அழைப்பிதழ்கள் கவிதைக்கு அவ்வளவாக உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘தீன்குலச் செல்வி’ முதல் ‘சுற்றமும் நட்பும்’ வரை எல்லாம் ஏற்கெனவே அலங்கரிக்கப்பட்டுவிட்ட சொற்கள். அலங்காரம் செய்த சொல்லைப் பாட்டுக்குள் கொண்டுவந்தால் அது மணமேடையை விட்டு இறங்க மறுக்கிறது. மாறாக, அலுவலகச் சொற்கள் மிக நன்றாக வளைந்து கொடுத்தன. ஏல அறிவிப்பு, மின்தடை அறிவிப்பு, மருந்துச் சீட்டு, பேருந்து நேரப்பட்டியல், உரமூட்டையின் பின்புற வாசகம் ஆகியவற்றில் உணர்ச்சி என்று ஒன்றும் இல்லை. அதனால் நாம் வைப்பதற்கு இடம் இருக்கிறது.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். தேர்வில் கட்டுரை வினாவுக்கு இரண்டு வரிக்குமேல் எழுதாதவன். அவன் ஒருவனே அல்லன். அத்தகையோர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. எழுதுகின்ற மற்றவர்களும் தாமாக எழுதுவதில்லை என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உரைநூலில் அச்சிட்டுள்ளதை மனப்பாடம் செய்து, அதையே விடைத்தாளில் இறக்கி வைக்கிறார்கள். நாற்பது விடைத்தாளிலும் ஒரே ‘நூலகத்தின் பயன்கள்’. பிறர் சொற்களைக் கொண்டு பிறர் கருத்தையே சொல்வதற்கு நாம் பத்துக்கு எட்டு மதிப்பெண் வழங்குகிறோம். அந்த மாணவனுக்கு மனப்பாடமும் வராது. அவன் எடுத்த தாள் மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பு. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை இன்னின்ன ஊர்களில் மின்விநியோகம் இருக்காது என்று நாம் அனைவரும் அறிந்த வாசகம். அதில் அவன் வட்டமிட்டவை இவை:

மாதாந்திர
காலை
முதல்
மாலை
வரை
இரு

கடைசிச் சொல் அறிவிப்பில் ‘இருக்காது’ என்றிருந்தது. அதன் பின் மூன்று எழுத்துகளையும் அவன் பேனாவால் அடித்திருந்தான். இதென்ன என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “எங்க அத்தா மாசத்துக்கு ஒருதரம் கோயம்பேட்டிலேருந்து வருவாங்க, ஐயா. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கெளம்பிடுவாங்க” என்றான். அவன் தந்தை அங்கே மூட்டை தூக்குகிறவர். இரண்டு வரிக்குமேல் எழுதாதவன் ஆறு வரி எழுதியிருக்கிறான் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு மறுப்புச் சொல்லின் வாலை நறுக்கினால் அது வேண்டுகோளாகிவிடும் என்பதை எந்த இலக்கண நூலும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. மரபறிந்தவர், வெண்பா வல்லவர். “யாப்புக் கற்றுத்தர வேண்டிய நீங்களே கத்தரிக்கோலைக் கொடுத்தால், நாளை இவர்கள் பேனாவைத் தொடுவார்களா? பிறர் பொருளை எடுப்பதற்குக் களவு என்றல்லவா பெயர்?” என்று ஆசிரியர் அறையில் கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. பொறுக்குப் பாட்டு யாப்புக்கு மாற்றாகாது. ஆகும் என்று சொல்பவரோடு நானும் உடன்படேன். சீரும் தளையும் காதில் ஏறாதவன் சொல்லின் எடையை முழுமையாக அறிய மாட்டான். ஆனால் களவு என்னும் குற்றச்சாட்டை என்னால் ஏற்க இயலவில்லை. தொல்காப்பியம் வழிநூலின் வகைகளைக் கூறும்போது தொகுத்தலைத்தான் முதலில் வைக்கிறது. நம் புலவர் பெருமக்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் பிறர் கொடுத்த சொல்லை வைத்துப் பாடுவது ஒரு கலையாகவே போற்றப்பட்டு வந்திருக்கிறது.

இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை அவருக்கு நினைவூட்டினேன். 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருசேரக் கவனித்துச் சதாவதானி என்ற பட்டம் பெற்றவர் அவர். அவையோர் ஈற்றடி கொடுப்பதும் அதற்குப் பொருந்த அவர் வெண்பா முடிப்பதும் அவதானத்தின் ஓர் அங்கம். ஒருமுறை, ‘துருக்கன்’ என்று தொடங்கி இராமன் துணை என்று முடியும் ஓர் ஈற்றடியை அவரை மடக்குவதற்கென்றே ஒருவர் கொடுத்ததாகச் சொல்வார்கள். பாவலர் முந்தைய அடியின் முடிவில் இரண்டே எழுத்துகளை வைத்தார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். இராமனின் தம்பிக்கு இராமன் துணையாவதில் யாருக்கு என்ன தடை? கொடுக்கப்பட்ட சொல்லில் ஓரெழுத்தையும் அவர் மாற்றவில்லை. இரண்டெழுத்தில் ஓர் ஊசிமுனையை மழுக்கிவிட்டார். என் மாணவன் மூன்றெழுத்தை நீக்கினான். பாவலர் இரண்டெழுத்தைச் சேர்த்தார். நண்பர் புன்னகை செய்தார், ஒப்புக்கொள்ளவில்லை. “பாவலர் வெண்பா அறிந்தவர், ஐயா” என்றார். அதுவும் சரிதான்.

அரபுக் கவிதையில் தக்மீஸ் என்றொரு முறை உண்டு. முன்னோர் ஒருவரின் ஈரடியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னே அதே சந்தத்தில் மூன்று அடிகள் சேர்த்து ஐந்தாக்குவது. 17ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்தில் தோன்றிக் கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வித்ரிய்யாவுக்கு இயற்றிய தக்மீஸ் நம் கடற்கரை ஊர்களில் ஓதப்பட்டு வருவதை நேயர்கள் அறிவார்கள். அங்கே மூலம் சிதைவதில்லை. பழைய இரண்டடி அப்படியே இருக்க, புதிய மூன்றடி அதன் தோளில் கைபோட்டு நிற்கிறது. எனக்கு இந்த முறையின்மேல் உள்ள மதிப்பினாலேயே, வகுப்பில் பக்கம் முழுவதையும் கறுப்பு மையால் அழிப்பதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. வட்டமிட்டால் போதும், மற்றச் சொற்களும் தெரிந்துகொண்டே இருக்கட்டும் என்பேன். பிள்ளைகளுக்கோ கறுத்தழிப்பதில்தான் ஆனந்தம். பேனா தீரும்வரை அழித்தார்கள்.

இனி அந்த ஏல அறிவிப்புக்கு வருகிறேன்.

தங்க நகைக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தவணை தவறிய நகைகளை ஏலம் விடுமுன் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கத்தக்க சிறிய எழுத்தில், கடன் எண்கள் எறும்பு வரிசைபோல் பக்கம் முழுவதும் ஓடும். எங்கள் வட்டாரத்தில் விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் அடகுக்குப் போவது பெண்களின் கழுத்துதான். ஒரு மாணவி அத்தகைய பக்கமொன்றை நான்காக மடித்து வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பேப்பர்க் கடைத் தாளைப்போல் அது கசங்கியிருக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை அதோடு அமர்ந்திருந்தாள். பிறகு கொடுத்தாள்:

உரிய தவணையில்
மீட்கப்படாத
எடை
முன்னறிவிப்பின்றி
திரும்பி வந்த
காலை
உள்ளது உள்ளபடி

மற்றவை அனைத்தும் கருமை. ஆனால் எறும்பு வரிசையின் நடுவே, வலப்பக்கத்து ஓரத்தில், ஓர் எண் மட்டும் அழிக்கப்படாமல் இருந்தது. எண்ணும் எழுத்தும் கண் என்பது நம் மரபாயிற்றே; எண்ணைப் பாட்டில் வைக்கலாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அமெரிக்கக் கவிஞர் சார்லஸ் ரெஸ்னிகோப் என்பவர் சட்டம் பயின்றவர். 1885 முதல் 1915 வரையிலான நீதிமன்றப் பதிவேடுகளைப் படித்து, அவற்றில் சாட்சிகள் கூறியவற்றை வரி பிரித்துத் தொகுத்தே ஒரு பெருநூல் செய்தார். கண்ணீர், ஐயோ என்ற சொற்களை அவர் தாமாகச் சேர்க்கவில்லை. இந்தப் பெண்ணின் தாளைப் பார்த்தபோது அவர் நினைவு எனக்கு வந்தது.

ஆண்டு விழாவன்று வகுப்பறையில் கயிறு கட்டி, துணிக் கவ்விகளால் எல்லாத் தாள்களையும் தொங்கவிட்டோம். பெற்றோர் வந்து பார்த்தார்கள். பலர் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். “பேப்பரைக் கிறுக்கி வெச்சிருக்காங்க” என்று சொன்னவர்களும் உண்டு. அந்த மாணவியின் தாயார் தம் மகளின் தாள் முன்னே வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, அந்தப் பேப்பரை எனக்குக் குடுத்துடுங்க” என்றார். குரலில் சினம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்து அவர் கேட்டார்: “எல்லாத்தையும் அழிச்சியே, நம்ம நம்பரை மட்டும் ஏன் விட்ட?”

“அதையும் அழிச்சா அது யாரோட நகையோ ஆயிடும்மா” என்றாள் அவள்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவ்வியை எடுத்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன். அது எந்த மடிப்பில் வந்ததோ அதே மடிப்பில் நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மற்றப் பிள்ளைகளின் தாள்களையும் ஒன்று விடாமல் படித்துவிட்டே போனார். மின்தடைத் தாளின் முன்னே நின்று, “இது யாரு எழுதினது?” என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பையனின் தலையை ஒருமுறை தடவிவிட்டுச் சென்றார்.

இச்செய்தி எப்படியோ மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் அவர்களின் காதுக்கும் எட்டியது. வயதானவர், இளமையில் இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டவர். அடுத்த வாரம் ஒரு பெரிய கட்டு எங்கள் வகுப்புக்கு வந்தது. ‘பிறை’, ‘மணிவிளக்கு’, ‘முஸ்லிம் முரசு’ முதலிய இதழ்களின் பழைய பிரதிகள். செல்லரித்தவை சில, அட்டை போனவை பல. “வீட்டில் கிடந்து வீணாகிறது, பிள்ளைகளுக்கு உதவட்டும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்த பிள்ளைகள் திகைத்தார்கள். லையும் னையும் கொம்பை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. ணாவும் றாவும் சுழித்துக்கொண்டு வேறு வடிவில் இருந்தன. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும்வரை நாங்கள் எழுதியது இப்படித்தான் என்றேன். “அப்ப இதெல்லாம் தப்பில்லையா ஐயா?” என்று ஒருத்தி கேட்டாள். சிறிது நேரம் அந்தப் பழைய வடிவங்களைத் தங்கள் குறிப்பேடுகளில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எவரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. இறைநாமம் உள்ள பக்கங்கள் அதில் நிறைய இருந்தன. விதிப்படி அவை விலக்கு. ஏனைய பக்கங்களையும் வெட்டுவதற்கு அவர்களுக்குக் கை வரவில்லை. பேப்பர்க் கடையிலிருந்து வந்தது வேறு. ஒருவர் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்தது வேறு. இறுதியில் அவர்களே வழி கண்டார்கள். வரைபடம் நகலெடுக்கும் மெல்லிய தாள், ‘டிரேசிங் ஷீட்’ என்று கடையில் கேட்டால் கொடுப்பது, அதைப் பக்கத்தின்மேல் விரித்து, வேண்டிய சொற்களை மட்டும் அந்த மெல்லிய தாளில் எழுதி எடுத்துக்கொண்டார்கள். தாளைத் தூக்கினால் வெற்றிடத்தில் ஏழெட்டுச் சொற்கள், அச்சில் இருந்த அதே இடங்களில், தனித்தனியே மிதந்தன. கீழே பழைய இதழ் ஒரு கீறலும் இன்றி இருந்தது. வெண்பா நண்பர்கூட இந்த முறையைக் கண்டு, “இது கொஞ்சம் பரவாயில்லை” என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வருவது பெரிது.

ஹஜ்ரத் அவர்கள் ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். எந்தக் கட்டுரை, எந்தக் கவிதை பிள்ளைகளுக்குப் பிடித்தது என்று அறிவதில் அவர்களுக்கு ஆவல். நான் மெல்லிய தாள்களை அடுக்கி எடுத்துக் காட்டினேன். பிள்ளைகளில் பாதிப்பேர் கட்டுரைகளைத் தொடவே இல்லை. அட்டையின் உட்புறத்தில் இருந்த சந்தா விவரத்தையும் விளம்பரங்களையுமே நாடியிருந்தார்கள் என்பதைச் சற்றுத் தயக்கத்தோடு சொன்னேன். மேலிருந்த தாளில் இப்படி இருந்தது:

தங்கள்
காலம்
முடிவடைந்தது
முகவரி
தெளிவாக
எழுதுக

ஹஜ்ரத் அவர்கள் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இருமுறை படித்தார்கள். எந்த இதழ், எந்த மாதம் என்று கேட்டார்கள். சொன்னேன். உடம்பு குலுங்கச் சிரித்துவிட்டு, “அது எனக்கு வந்த சீட்டு. அந்தச் சந்தாவை நான் கட்டவே இல்லை” என்றார்கள்.